மூலையில் ஒரு பல்

பழைய ஃபிலிம் கேமரா சேர்க்கிறவர்கள் விதவிதமாகச் சேர்ப்பார்கள். மடக்கினால் புத்தகம்போல் ஆகிவிடுவது, வயிற்றோடு வைத்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்ப்பது, சட்டைப் பைக்குள் அடங்கிவிடுவது என்று ஒன்றுபோல் இன்னொன்று இல்லாமல் அலமாரியை நிரப்புவதுதான் அவர்களுக்குப் பெருமை. பல்லக்காவின் அலமாரி அப்படிப்பட்டதல்ல. அதில் இருந்ததெல்லாம் ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஒரே கறுப்புத் தோல், ஒரே வெள்ளி மூடி. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவை வரிசையாக உட்கார்ந்து, உள்ளே வருகிறவர்களை ஒன்றாக வெறித்துப் பார்க்கும்.

"புடவைக் கடைக்குப் போய் ஒரே புடவையை மூட்டை கட்டிட்டு வந்தவளை நான் எங்கயும் பார்த்ததில்ல," என்பார் அவள் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிகளுக்குள் மேலும் கீழும் போய்வருகிறவர் என்பதால் வெளிச்சத்துக்கு வந்ததும் வாய் ஓயாது. விருந்தாளி யாராவது வந்து அலமாரி முன்னால் நின்றால், "இது மூத்தது, இது ரெண்டாவது, இது கடைக்குட்டி. எல்லாம் ஒரே ஜாடை," என்று அறிமுகம் செய்துவைப்பார்.

பல்லக்கா என்பது ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொண்ட பெயர். பல் டாக்டர் அளவெடுத்து அனுப்பும் அச்சை வைத்துப் பொய்ப்பல் செய்வது அவள் வேலை. நோயாளியின் வாயை அவள் பார்த்ததே இல்லை. அச்சு மட்டும் வரும். பல் இருந்த இடத்தில் பள்ளமும் ஈறு இருந்த இடத்தில் மேடுமாக, எல்லாம் தலைகீழாக இருக்கும். அதில் அச்சுமாவைக் கரைத்து ஊற்றி நேராக்கி, சிறிய அரத்தால் ராவி, நிறம் பார்த்து, கடித்தால் பொருந்துகிறமாதிரி செய்து அனுப்புவாள். டாக்டர் அனுப்பும் படத்தாளில் நோயாளியின் வலது பக்கம் இடது பக்கமாக இருக்கும், ஏனென்றால் டாக்டர் எதிரே உட்கார்ந்து பார்க்கிறவர். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதில் குழம்பி, வலது கடைவாய்க்கு இடது பல்லைச் செய்து வைப்பார்கள். பல்லக்கா ஒரு நாளும் அந்தத் தப்பைச் செய்ததில்லை. வேலையில் அவள் செய்யாத அந்தத் தப்பை வீட்டில் வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்தாள் என்பதுதான் வேடிக்கை.

அவள் தேடியது ஒரே ஒரு கேமரா. அவள் அப்பாவினுடையது.

அப்பா ரேடியோ ரிப்பேர் செய்தவர். அவள் ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் எடுத்த படங்கள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருந்தன. அதில் அம்மா இருந்தாள், அவள் இருந்தாள், சைக்கிள் இருந்தது, மழையில் நனைந்த கோழி இருந்தது. அப்பா மட்டும் இல்லை. படம் எடுக்கிறவர் படத்தில் எப்படி இருப்பார்? வேலைக்கான அடையாள அட்டையில் தபால்தலை அளவுக்கு ஒரு முகம் உண்டு. திருட்டுக் கேஸில் பிடித்துவந்து நிறுத்தியதுபோல் அதில் விறைத்துப் பார்ப்பார். அதனால் அப்பா முகம் அவளுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. அவளுக்கு வேண்டியது அது அல்ல. அப்பா எப்படி இருந்தார் என்பதைவிட, அப்பாவின் கண்ணுக்குத் தான் எப்படித் தெரிந்தோம் என்று அறிய வேண்டும்போல் இருந்தது. அவர் கண்ணை வைத்த அதே துளையில் தன் கண்ணை ஒரு முறை வைத்துப் பார்த்துவிட வேண்டும். இதைக் கணவரிடம் சொல்லி விளங்கவைக்க அவளுக்கு வாய் வரவில்லை. "எங்க அப்பாவோடது, வேணும்," என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

ஒன்று நன்றாக நினைவிருந்தது. அப்பா சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர். கேமராவின் கண்துளையைச் சுற்றி இரும்பு வளையம் இருக்கும், அது கண்ணாடியில் உரசிக் கோடு போட்டுவிடும். அதனால் படம் எடுக்கும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றி, "இந்தா, பிடிச்சுக்கோ," என்று அவளிடம் கொடுத்துவிடுவார். டப்பாவில் இருந்த படங்களில் அவளுக்கு வயது ஏறுகிறது, சட்டை மாறுகிறது, பல் விழுகிறது, முளைக்கிறது. எல்லாவற்றிலும் கையில் ஒரு மூக்குக் கண்ணாடி மட்டும் மாறாமல் இருக்கிறது.

ஒரு தடவை அவர் அவளையும் பார்க்கவிட்டார். அவள் கண்ணை வைத்தாள். எதிரே நின்ற அம்மா, சுவர், மரம் எல்லாம் தண்ணீரில் கரைந்ததுபோல் இருந்தன.

"ஒண்ணுமே தெரியலப்பா."

"இப்பத் தெரியாது. பெரியவளானாத் தெரியும்," என்று சிரித்தார்.

பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் சொல்கிற பதில்தானே என்று அவள் அதை அப்போதே விட்டுவிட்டாள்.

அவர் போனபிறகு சின்ன வீட்டுக்கு மாறும்போது அம்மா ரேடியோ சாமான்களோடு கேமராவையும் யாரிடமோ கொடுத்துவிட்டாள். யாரிடம் என்று அம்மாவுக்கே பின்னால் நினைவில்லை. "அது கண்ணுல படறப்பல்லாம் அவர் இன்னும் நம்மளப் படம் எடுத்துட்டே இருக்கிற மாதிரி இருந்துச்சுடி. அதான்," என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் அம்மாவை அவள் கேட்கவில்லை.

ஆயிரக்கணக்கில் செய்து விற்ற ஒரு மாடலில், தன் அப்பாவினுடையது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் ஒரு பல் இருந்தது.

கேமராவின் முதுகைத் திறந்தால் நடுவில் ஒரு செவ்வக ஜன்னல் தெரியும். ஃபிலிம் அந்த ஜன்னல்மேல் படிந்து நிற்கும். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் ஜன்னல் அளவுக்குத்தான் ஃபிலிமில் விழும். ஒவ்வொரு படத்துக்கும் நேரான ஓரம் கிடைப்பது அந்த விளிம்பால்தான். விளிம்பில் ஒரு சிராய்ப்பு இருந்தால் அந்தக் கேமரா எடுக்கும் எல்லாப் படங்களின் ஓரத்திலும் அதே சிராய்ப்பு இருக்கும். கைரேகை மாதிரி.

அப்பாவோடு வேலை செய்த ஒருவர் அதே மாடலை வைத்திருந்தார். இருவரும் ஒரே ஸ்டூடியோவில் ஃபிலிமைக் கழுவக் கொடுப்பார்கள். அங்கே எப்போதும் குழப்பம். ஒரு முறை மகளின் பிறந்தநாள் படங்களுக்காக ஆசையாகக் கவரைப் பிரித்தால், யாரோ ஒரு மாமியார் ஸ்கூட்டர்மேல் ராணிபோல் உட்கார்ந்திருந்த படம் வரிசையாக வந்தது. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ரேடியோ வேலைக்கான ஊசி அரத்தை எடுத்து, தன் கேமராவின் ஜன்னல் விளிம்பில் முக்கோணமாக ஒரு நுண்ணிய வெட்டு போட்டார். அந்த வெட்டு வழியாகத் துளி வெளிச்சம் கூடுதலாக விழும். நெகட்டிவில் படத்தின் ஓரத்தைத் தாண்டி ஒரு கறுப்பு முனை நீட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் அதற்குப் பல்லு என்று பெயர். ஃபிலிம் கழுவி வந்ததும் பல்புக்கு நேரே பிடித்து, "பல்லு இருக்கா பாரு," என்பார். பார்ப்பது அவள் வேலை. பல்லு இருந்தால் நம்முடையது.

டப்பாவில் இருந்த நெகட்டிவ்கள் எல்லாவற்றிலும் அது இருந்தது. படத்தை நேராகப் பிடித்தால் கீழே, வலது மூலையில்.

முதலில் அவள் கையில் கிடைத்ததையெல்லாம் வாங்கினாள். முதுகைத் திறப்பாள், பூதக்கண்ணாடியை வைப்பாள், விளிம்பு வழவழவென்று இருக்கும். மூடி அலமாரியில் வைப்பாள். கேமராக்கள் பெருகப் பெருக வீட்டில் இடம் குறைந்தது. கணவரின் கருவிப்பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. "அடுத்து நான்தான் கட்டிலுக்கு அடியில," என்றார் அவர். அதன்பிறகு அவள் வழியை மாற்றினாள். விற்கிறவரிடம், முதுகைத் திறந்து கீழ் வலது மூலையை மட்டும் நன்றாகக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்வாள். வெட்டு அவ்வளவு சிறியது. மொத்த ஜன்னலையும் எடுத்தால் தெரியாது. படங்கள் எங்கெங்கிருந்தோ வந்தன. மூலை, மூலை, இன்னொரு மூலை. எல்லாம் சுத்தமாக இருந்தன. வேண்டாம், நன்றி என்று எழுதி அனுப்பிவிடுவாள்.

உள்ளூரில் பழைய சாமான் சந்தையில் கடை போடும் ஒருவர் இருந்தார். பட்டப்பகலிலும் கையில் டார்ச் லைட்டோடு சாமான்களுக்குள் குடைந்து பார்ப்பதால் டார்ச் அண்ணன். ஒருநாள் அவள் ஒரு முழு வரிசைப் பல்லை ராவிக்கொண்டிருந்தபோது அவர் போன் செய்து, உன் ஜாதிக் கேமரா ஒன்று வந்திருக்கிறது என்றார். வேலையை விட்டு எழ முடியாத நேரம். மூலையைப் பார்த்துச் சொல்லுங்கள் அண்ணே என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தார். கீழ் வலது மூலை கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஆனால் கண்துளையில் பார்த்தால் ஒரே மங்கல் என்றார். பழைய கேமராவில் பூசணம் பிடிப்பது சகஜம்தான். வேண்டாம் அண்ணே என்று சொல்லிவிட்டு மறுபடி பல்லுக்குத் திரும்பினாள். அன்று சாயந்திரமே அதை மறந்தும் போனாள்.

அது நடந்து சில வருஷம் கழித்து ஒரு விடுமுறை நாள் காலை. அலமாரியில் இருந்த ஒன்றுக்கு லென்ஸ் துடைத்து மாட்டியிருந்தாள். படம் கூர்மையாக விழுகிறதா என்று சரிபார்க்க ஒரு எளிய வழி உண்டு. முதுகைத் திறந்து, ஜன்னல்மேல் மங்கலான செலோடேப்பை இழுத்து ஒட்டி, ஷட்டரைத் திறந்தபடியே நிறுத்தினால், வெளியே இருப்பது அந்த டேப்பில் குட்டிச் சினிமாபோல் வந்து விழும். மாடி ஜன்னலில் கேமராவை வைத்துவிட்டு, கீழே கேட்டருகில் போய் நிற்கும்படி கணவரிடம் சொன்னாள். தூரம் தெரிந்த பொருள் ஒன்று வேண்டும், அதற்கு அவர்தான் வசதி. நின்றார். அவள் திருகிக் கூர்மை பார்த்து முடித்தபிறகு, தான் எப்படி இருக்கிறோம் என்று பார்க்க மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். அவர் நின்ற இடத்தில் பால்காரர் சைக்கிளை நிறுத்தி யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். டேப்பில் அந்த ஆள் தலைகீழாகத் தொங்கினார்.

"அட, இத்தனை நேரம் என்னை இப்படித்தான் தொங்கவிட்டிருந்தியா? மேல கீழங்கிற விஷயத்துல என்னை யாரும் ஏமாத்த முடியாதுன்னு நினைச்சேன்."

"எல்லா லென்ஸும் அப்படித்தாங்க. மேல இருந்து வர்ற வெளிச்சம் கீழ போகும், கீழ இருந்து வர்றது மேல போகும். இடம் வலமும் மாறும்."

"பாவம், அந்த ஆளுக்குக் கால் எல்லாம் மேல போயிடுச்சு, பல்லு கீழ வந்துடுச்சு," என்றார்.

பல்லக்கா டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லு கீழே. அப்படியானால் எது மேலே?

இந்தச் சோதனையை எத்தனையோ முறை செய்திருக்கிறாள். படம் தலைகீழாக விழும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அறிவு ஒரு பக்கம் இருக்க, ஆசை வேறு பக்கம் நடந்துபோயிருக்கிறது. படத்தில் கீழ் வலது மூலையில் தெரிகிற பல், கேமராவில் இருக்க வேண்டியது மேல் இடது மூலையில். அவள் இத்தனை காலமாக எல்லாரையும் நேர் எதிர் மூலையைப் படமெடுக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நெகட்டிவைப் பார்த்த கண் அப்படியே கேமராவுக்குள்ளும் பார்த்துவிட்டது. வலது கடைவாய்க்கு இடது பல்.

கணவரிடம் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அலமாரிப் பக்கம் போய், இருக்கிறதையெல்லாம் இன்னொரு முறை பார்த்துவிடலாமா என்று கேட்டார். தேவையில்லை, இவற்றை நாலு மூலையும் பார்த்தாகிவிட்டது. பார்க்காதது, வேண்டாம் என்று எழுதி அனுப்பியவற்றைத்தான். அவை எந்த ஊரில் யார் வீட்டுப் பரணில் கிடக்கின்றனவோ. அப்போதுதான் டார்ச் அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்தது. மூலை சுத்தம், கண்துளை மங்கல். கூடவே, தண்ணீரில் கரைந்ததுபோல் நின்ற அம்மா.

"அது மங்கலாத்தான் இருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

டார்ச் அண்ணன் அவளைப் பேச விடவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப்போன மாப்பிள்ளை வீட்டார், பெண்ணுக்குக் கல்யாணம் ஆனபிறகு திரும்பி வந்து சம்மதம் என்றார்களாம், அந்தக் கதையாக இருக்கிறது என்றார். அவர் டார்ச் அடித்த மூலைக்கு எதிர் மூலையில் ஏதாவது இருந்ததா என்று கேட்டதற்கு, நீ சொன்ன இடத்தைத்தானே பார்த்தேன், என்னை எல்லா மூலையும் பார்க்கச் சொன்னாயா என்று திருப்பிக் கேட்டார். அதுவும் நியாயம்தான். வாங்கினவர் பஸ் டிப்போவுக்குப் பின்னால் சலூன் வைத்திருப்பவர் என்று வழி மட்டும் தெளிவாகச் சொன்னார்.

வழி நெடுக அவள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டே போனாள். தன்னிடம் இருப்பதில் நல்லதாக ஒன்றைக் கொடுக்கலாம். மங்கல் இல்லாதது, ஷட்டர் சுத்தமாகப் பேசுவது. மங்கலைக் கொடுத்துத் தெளிவை வாங்கிக்கொள்ள யார்தான் மறுப்பார்கள்? வேண்டுமென்றால் இரண்டாகவே கொடுக்கலாம்.

சலூன் ஒற்றை நாற்காலிக் கடை. அவள் வாசலில் கால் வைத்ததுமே தெரிந்துவிட்டது. எதிர்ச் சுவர் முழுக்கப் படங்கள். முடி வெட்டி முடித்து, துண்டை எடுக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனிதர்கள், எல்லாம் கிடைவாட்டில். ஃபிலிமின் ஓரத்தையும் சேர்த்துப் பிரிண்ட் போட்டதால் ஒவ்வொரு படத்தைச் சுற்றியும் கறுப்புக் கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும், கீழே வலது மூலையில், கறுப்பைக் கடித்துக்கொண்டு ஒரு குட்டி வெள்ளை முக்கோணம். ஒரு சுவர் நிறைய அப்பாவின் பல்.

நாற்காலி காலியாக இருந்தது. சலூன்காரர் அவளைவிட இளையவர், மீசையை மட்டும் வயதானவர்போல் வைத்திருந்தார். பெண்களுக்கு வெட்டுவதில்லையே அக்கா என்று சங்கடத்தோடு எழுந்தார். வெட்டிக்கொள்ள வரவில்லை என்று சொல்லிவிட்டு, படங்களைக் காட்டி மூலையில் இது என்ன என்று தெரியாதவள்போல் கேட்டாள்.

"அதுவா அக்கா? அது நம்ம கடை முத்திரை. கேமராவிலேயே இருக்கு. முதல்ல டேமேஜ்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா வர்றவங்க எல்லாம் அதைத்தான் கேக்கறாங்க. பாருங்க, போர்டுலயே போட்டுட்டேன்."

அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். உள்ளே வரும்போது கவனிக்கவில்லை. கடைப் பெயர்ப் பலகையின் வலது கீழ் மூலையில் வெள்ளைப் பெயின்டில் அதே முக்கோணம்.

வழியெல்லாம் தயார் செய்து வந்த பேச்சு இங்கே எடுபடாது என்று தெரிந்தது. ஆனாலும் கேட்டாள். மாற்றிக்கொள்ளலாமா என்றாள், இரண்டாகவே தருகிறேன் என்றாள். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். முதல் தடவை இந்த நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவரையும் ஒரு படம் எடுப்பது தன் வழக்கம் என்றார். வேறு ஊருக்குப் போய்விட்டவர்கள் லீவில் வந்து தங்கள் படத்தைத் தேடுவார்கள், இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள், அவர்கள் பிள்ளைகள் வந்து பிரதி வாங்கிக்கொண்டு போனார்கள் என்றார். எல்லாரையும் ஒரே கண் பார்த்ததாக இருக்க வேண்டும், பாதியில் கண்ணை மாற்றினால் நன்றாக இருக்காது என்றார். அவளும் அதே கண்ணுக்காகத்தான் வந்திருந்தாள்.

"வெட்டுதான் வேணும்னா, வேற ஒண்ணுல நீங்களே அரத்தை வச்சு ராவிக்கலாமே அக்கா," என்று ஆறுதலாகச் சொன்னார்.

ராவுவது அவள் தொழில் என்று அவருக்குத் தெரியாது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"நம்ம கேமராவுக்கு ஒரே குறை, கண்ணுல வச்சா ஒண்ணும் தெரியாது. குத்துமதிப்பாத்தான் எடுக்கிறேன். அதான் பாருங்க, எல்லாரும் கனவுல வர்ற மாதிரி இருப்பாங்க," என்று சுவரைக் காட்டினார். உண்மைதான். எல்லா முகங்களும் கொஞ்சம் கரைந்துதான் இருந்தன. "வயசானவங்களுக்கு அதுதான் பிடிச்சிருக்கு. சுருக்கம் தெரியலையாம்."

"ஒரு தடவை பார்த்துட்டுத் தரட்டுமா?"

இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அலமாரியில் இருப்பவற்றின் அதே எடை, அதே கறுப்புத் தோல். உள்ளே பாதி ரோல் ஓடியிருந்ததால் முதுகைத் திறக்க முடியாது. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. கண்ணில் வைத்தாள். மூட்டம். நாற்காலி ஒரு கறுப்பு மேகமாக இருந்தது. பூசணமாக இருந்தால் புள்ளியும் வலையும் தெரியும். இது அப்படி இல்லை. வழித்துவிட்டதுபோல் ஒரே சீரான மங்கல். கேமராவைத் திருப்பிக் கண்துளையைப் பார்த்தாள். இரும்பு வளையத்துக்குள் இன்னொரு மெல்லிய வளையம், அதற்குள் ஒரு சின்னக் கண்ணாடி வில்லை, உள்வாங்கிய வில்லை. யாரோ திருகி வைத்தது.

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எப்படிப் பார்த்தார் என்று அவள் ஒருநாளும் யோசித்ததே இல்லை. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவருக்கு அது இல்லாமல் மகள் எங்கே தெரிவாள், மரம் எங்கே தெரியும்? அவர் தன் பவரைக் கேமராவிலேயே மாட்டி வைத்திருந்திருக்கிறார். அவருக்கு மட்டும் தெளிவாக இருக்கும், மற்ற எல்லாருக்கும் மூட்டம்.

பல்லக்கா தன் கண்ணாடியைக் கழற்றினாள். அவளுடையதும் சோடாபுட்டிதான்.

"இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க," என்று சலூன்காரரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

கண்ணை வைத்தாள். சீப்பின் ஒவ்வொரு பல்லும் தெரிந்தது.

சலூனில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நிலைக்கண்ணாடி. அதில் ஒரு பெண் கேமராவோடு நின்றாள். இந்த மாதிரி கேமராவின் கண்துளைக்குள் பார்த்தால் நடுவே ஒரு மஞ்சள் கட்டம் தெரியும். தூரம் சரியாக அமையாதவரை அந்தக் கட்டத்துக்குள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக அந்த இரண்டும் நெருங்கி வந்து, ஒன்றன்மேல் ஒன்று படியும்போது படம் கூர்மை. இப்போது கட்டத்துக்குள் இரண்டு முகங்கள் இருந்தன. இரண்டிலும் இடது கண் மூடியிருந்தது, நெற்றி சுருங்கியிருந்தது, உதட்டின் ஒரு ஓரம் மேலே ஏறியிருந்தது. அந்த ஓரம் அவளுக்குத் தெரியும். கையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நின்ற நாட்களில் எதிரே அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்த உதட்டைத்தான். படம் எடுக்கிறவர் படத்தில் இல்லையே தவிர, அவள் எதிரில் எப்போதும் இருந்தார். அவள் மெல்லத் திருகினாள். இரண்டு முகங்களும் நகர்ந்து நகர்ந்து ஒன்றாயின.

அப்படியே நின்றாள். விரல் பொத்தான்மேல் இருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துச் சலூன்காரர் தாழ்ந்த குரலில், "அழுத்துங்க அக்கா, ஒரு படம்தானே," என்றார். அழுத்தினாள்.

கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு அவருக்கு விஷயத்தை விளக்கினாள். அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை, வில்லையைப் பற்றி இருபது வார்த்தை. இது பூசணம் அல்ல, வேறொருவர் கண்ணுக்குச் செய்தது, இதை எடுத்துவிட்டால் உங்களுக்குத் தெளிவாகத் தெரியும் என்றாள். அவள் விரல்களுக்கு இந்த மாதிரி வேலை புதிதல்ல. இரண்டு சுற்று எதிர்ப்புறமாகத் திருப்பியதும் வளையம் கழன்று உள்ளங்கையில் விழுந்தது, சட்டைப் பொத்தான் அளவுக்கு. சலூன்காரர் கேமராவை வாங்கிப் பார்த்தார். வாசலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தன் கையையே பார்த்தார்.

"இனிமே சுருக்கம் எல்லாம் தெரியுமே. கிழவங்க சண்டைக்கு வருவாங்க," என்று கடைசியில் சொன்னார். வில்லையை அவள் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவள் விரல்களை அவரே மடக்கி மூடிவிட்டார்.

படம் எப்போது கிடைக்கும் என்று கேட்டாள். ரோல் முடிய வேண்டும், அதற்கு இன்னும் நிறையப் புது ஆட்கள் வந்து உட்கார வேண்டும், அவசரப்படுத்த முடியாது என்றார். அவளும் அவசரப்படுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள், இதுவரை சொல்ல வாய் வராததையும் சேர்த்து. அவர் வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இத்துனூண்டா என்றார். பிறகு தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே, ரோலைச் சீக்கிரம் முடிக்கத் தானும் ஒருநாள் போய் முடிவெட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டார்.

அவள் அலமாரியைத் திறந்தாள். எது என்று யோசிக்கவில்லை. கைக்கு முதலில் வந்ததை எடுத்து, கண்துளையில் வில்லையை வைத்துத் திருகினாள். இழை இழையோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு உள்ளே போய் நின்றது. ஒரே மாடல். எல்லாவற்றுக்கும் பொருந்தும். கணவரை ஜன்னல் பக்கம் நிற்கச் சொல்லி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள்.

"நான் எதுக்கு இதைப் பிடிக்கணும்?"

"பிடிச்சுக்கோங்க."

பிடித்துக்கொண்டார். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், உடைந்துவிடுமோ என்று பயந்த குழந்தைபோல் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டார். அவள் திருகினாள். மஞ்சள் கட்டத்துக்குள் இரண்டாக நின்ற மனுஷர் ஒன்றானார்.

"என்ன தெரியுது?" என்றார், உதடு அசையாமல்.

"நீங்கதான்."

"அவ்வளவுதானா?"

பல்லக்கா விரலைப் பொத்தான்மேல் வைத்தாள். உள்ளே ஃபிலிம் இல்லை. ஆனாலும் கண்ணை எடுக்காமல், ஆடாதீங்க என்று மட்டும் சொன்னாள்.